கெட்டில் பக்கம் திரும்பி நின்றவள்

க்ளெனிஸ் டாங்கினுக்கு இரண்டு முகம் உண்டு. வெளியூர் வண்டி வந்து நின்றால் ஒன்று, உள்ளூர் வண்டி வந்து நின்றால் இன்னொன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தர்லாபுல்லாவில் அப்படித்தான் காலம் தள்ள முடியும்.

தார்ச்சாலை அவள் கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. தெற்கே தொண்ணூறு கிலோமீட்டரில் டவுன். வடக்கே செம்மண் சாலை, முதல் பண்ணை மார்லி ஹில், நூற்று நாற்பது கிலோமீட்டர். நடுவில் மனிதர் கிடையாது. கடை என்றால் ஒரு டீசல் பம்ப், ஒரு அடுப்பு, நாலு மேசை, உறைபெட்டி நிறைய இறைச்சி அடைத்த ரொட்டி. இதையெல்லாம் அறுபத்தொரு வயதில் அவள் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டாள். கணவன் நெவில் ஒருகாலத்தில் கூட இருந்தான். வெயில் தாங்கவில்லை என்று கடற்கரைப் பக்கம் போனான், போனவன் போனவன்தான்.

கடைக்கு எதிரே சாலையோரம் ஒரு இரும்புப் பலகை நிற்கிறது. நடுவில் கீல் வைத்தது. ஒரு பக்கம் மடித்தால் சாலை திறந்திருக்கிறது என்று பச்சையில் இருக்கும், மறுபக்கம் மடித்தால் மூடியிருக்கிறது என்று சிவப்பில். மழை பெய்ததும் டவுனிலிருந்து சாலை அலுவலகத்துக்காரர்கள் போன் செய்வார்கள், க்ளெனிஸ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பலகையை மடிப்பாள். இருபத்திரண்டு வருடமாக அது அவள் வேலை.

மூடுவதற்குக் காரணம் வெள்ளம் மட்டும் இல்லை. அந்தக் களிமண் நனைந்தால் சோப்பு. சக்கரம் ஒரு முழம் உள்ளே போகும். வண்டி எப்படியோ மீண்டு போனாலும், பின்னால் வெயில் அடித்ததும் அந்தத் தடம் அப்படியே கல்லாக இறுகிவிடும். ஒருத்தன் அவசரப்பட்டுப் போன பள்ளத்தில் ஊரே வருடம் முழுக்க அச்சை முறித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் மூடிய சாலையில் போய் மாட்டினால் அபராதத்தை வண்டிக்கு இவ்வளவு என்று போடமாட்டார்கள், சக்கரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிப் போடுவார்கள்.

வெளியூர்க்காரன் வந்தால் க்ளெனிஸ் லேசில் விடமாட்டாள். சாலை திறந்திருந்தாலும் சரி, வானத்தில் ஒரு மேகம் இருந்தால் போதும், பிடித்து உட்காரவைத்துக் காது புளிக்கப் பேசுவாள். ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது? தூக்கிய ஜாக்கி களியில் இறங்காமல் இருக்க அடியில் வைக்கப் பலகை உண்டா? ஓடை ஓடினால் இறங்கி அளக்காமல் வண்டியை விடாதே. மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதே, வண்டி மேலேயிருந்து பார்த்தால் தெரியும், நீ தெரியமாட்டாய். கடைசியில் சுவரில் இருக்கும் கரும்பலகையில் பேர், வண்டி எண், எத்தனை பேர், கிளம்பிய நேரம், எங்கே போய்ச் சேரவேண்டும் எல்லாவற்றையும் சாக்கட்டியால் எழுதுவாள். போய்ச் சேர்ந்து போன் பண்ணினால்தான் அழிப்பாள். சாயங்காலத்துக்குள் போன் வராவிட்டால் போலீசுக்குச் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு ஜெர்மன் தம்பதி போன் பண்ண மறந்து உல்லாசமாகத் தூங்க, தேடும் விமானமே கிளம்பிவிட்டது. அந்த ஆளைப் போனில் அவள் திட்டிய திட்டு அவனுக்குப் பாஷை தெரியாமலே புரிந்திருக்கும்.

உள்ளூர் வண்டி என்றால் கதை வேறு.

சிவப்புப் பலகை மடித்திருக்கும் நாளில் பண்ணைக்காரன் எவனாவது டவுனிலிருந்து வருவான். டீசல் போடுவான். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு ஜன்னல் வழியே சாலையைப் பார்ப்பான். அவ்வளவுதான். போகட்டுமா என்று கேட்கமாட்டான். கேட்டால் அவள் கூடாது என்று சொல்ல வேண்டும். அவளும் ஒன்றும் சொல்லாமல் கெட்டிலை எடுத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போவாள். நிதானமாகப் பிடிப்பாள். அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பும்போது வண்டி இருக்காது. யார் கேட்டாலும், நான் பார்க்கவில்லை என்று அவள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். கரும்பலகையில் அந்தப் பேரை எழுதமாட்டாள். எழுதினால் கண்டதாக ஆகிவிடுமே.

இந்தக் கெட்டில் விவகாரம் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் பேசியதில்லை. உள்ளூர்க்காரனுக்குச் சாலை தெரியும், மழை தெரியும், பலகை வெளியூர்க்காரனுக்குத்தான் என்பது அங்கே எழுதாத சட்டம். நல்ல லட்சணம்தான். களிமண்ணுக்கு உள்ளூர் என்ன, வெளியூர் என்ன?

அந்த ஜூலைக் குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. புதன் காலையில் போன் வந்தது, க்ளெனிஸ் பலகையைச் சிவப்புக்கு மடித்தாள். வியாழன் காலை ஒன்பதரை மணிக்கு மேகம் கிழிந்து கொஞ்சம் வெயில் வந்தபோது, அவள் தம்பி ராய்ஸ் வந்து நின்றான்.

ராய்ஸ் மார்லி ஹில் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவன். அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனுக்குச் சட்டை மாட்டியது, பல் விழுந்தபோது வாய் கழுவியது, எல்லாம் க்ளெனிஸ்தான். பண்ணை வீட்டு ஜெனரேட்டர் செத்துப்போய், புதிதாக ஒன்று வாங்க அவன் திங்களன்று டவுனுக்கு வந்திருந்தான். வீட்டில் மனைவி மரீ தனியாக. கரண்ட் இல்லாததால் அங்கே போனும் போய்விட்டது. பேட்டரியில் மிச்சம் இருந்த உயிரில் செவ்வாயன்று ஒருமுறை பேசியிருக்கிறார்கள். மழை பிடிச்சிடுச்சு, ரோடு திறந்ததும் வரேன், அதுவரைக்கும் டவுன்லயே தங்கிக்கறேன் என்று அவன் சொன்னான். அத்தோடு லைன் போயிற்று.

ஆனால் அவனுக்குத் தங்க மனசு கேட்கவில்லை. குளிரில் விளக்கும் அடுப்பும் இல்லாமல் அவள் மூன்று நாளாக இருக்கிறாள் என்றான். பெட்டியில் ஒரு மாட்டு இறைச்சி முழுசாகக் கெட்டுக்கொண்டிருக்கும் என்றான். ஒரு இறைச்சி ரொட்டியைத் தின்றான், மழையே டவுன்காரர்களால் வந்த மாதிரி அவர்களைத் திட்டினான். பிறகு தொப்பியைக் கையில் சுற்றியபடி ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தான்.

க்ளெனிஸ் கெட்டிலை எடுத்தாள்.

தண்ணீர் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம், எஞ்சின், பிறகு வண்டி நகர்ந்து, சாலைக்குக் குறுக்கே மாடு தாண்டாமல் பதித்திருக்கும் இரும்புக் கம்பிகளின்மேல் சக்கரம் ஏறிக் கடகடத்த சத்தம். திரும்பியபோது மேசைமேல் காலித் தட்டு இருந்தது.

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. ஜெனரேட்டரை மாட்டினால்தானே போன் என்று நினைத்துக்கொண்டாள். மிஷின் விஷயத்தில் ராய்ஸ் ஆமை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. உலர்ந்த காலமாக இருந்தால், வண்டி போனது வந்தது தூரத்துப் புழுதியிலேயே தெரிந்துவிடும். பக்கத்துப் பண்ணைக்காரன் மலைமேல் நின்று, அதோ ராய்ஸ் போறான் என்று ரேடியோவில் சொல்லிவிடுவான். மழையில் புழுதி ஏது? வெள்ளி சாயங்காலம் அவள் போலீசுக்குப் போன் பண்ண ரிசீவரை எடுத்தாள். மூடிய சாலையில் அவன் எப்படிப் போனான், நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்களே என்று தோன்றியது. நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்துவிட்டாள். வைத்த கையைப் பிறகு எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் அடித்தது. மரீ. கார் பேட்டரியைக் கழற்றி எப்படியோ போனுக்கு இணைத்துவிட்டாளாம், குரலில் அவ்வளவு பெருமை. "ராய்ஸ் இன்னும் டவுன்லதானே இருக்கான்? வரும்போது மெழுகுவர்த்தி வாங்கிட்டு வரச் சொல்லு க்ளென். ரோடு எப்பத் திறக்கறாங்களாம்?"

இரண்டு நாளாக அங்கே மரீ அவன் டவுனில் பத்திரமாக இருக்கிறான் என்று இருந்திருக்கிறாள். இங்கே இவள் அவன் வீட்டில் பத்திரமாக இருக்கிறான் என்று இருந்திருக்கிறாள். நடுவில் நூற்று நாற்பது கிலோமீட்டர்.

"மரீ," என்றாள். "அவன் வியாழக்கிழமையே கிளம்பிட்டான்."

மரீ, ஆபத்துக்கு அழுத்தும் அந்தச் சின்ன சிக்னல் கருவி இந்த வீட்டு வண்டியில்தான் தொங்குகிறது, அவனிடம் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். அவன் வண்டி ரேடியோ முப்பது கிலோமீட்டர் தாண்டாது என்பது இருவருக்கும் தெரியும்.

போலீசில் ப்ரூயிட் என்று ஒரு கான்ஸ்டபிள் எடுத்தான். வந்து ஆறு மாதம் ஆனவன், மரியாதையானவன். பேர், வயது, வண்டி நிறம் எல்லாம் வரிசையாகக் கேட்டான். அப்புறம் கேட்டான், "வண்டி போனதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்போ அவர் அந்தப் பக்கம்தான் போனாருன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சிவப்புப் பலகை நின்றது, நான் அடுப்படியில் இருந்தேன், அவன் சொல்லாமல் போய்விட்டான். ஒரு பயலும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. அரை நிமிடம் தோன்றியது என்று அவளே பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். சொல்லவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சொன்னாள்.

"பாக்கக் கூடாதுன்னு திரும்பி நின்னேன்," என்றாள் ப்ரூயிட்டிடம். "உள்ளூர்க்காரங்க வந்தா அப்படித்தான் செய்வேன். இருபத்திரண்டு வருஷமா செய்றேன். இதையும் எழுதிக்கங்க."

அவன் எழுதினானோ என்னவோ. ராய்ஸ் கிளம்பிய நேரத்தைக் கேட்டான். ரேடியோவில் பத்து மணிச் செய்தி முடிந்து வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் பத்தேகால் என்று சொல்ல முடிந்தது. தண்ணீர் எவ்வளவு வைத்திருந்தார்? தெரியாது. மண்வெட்டி, பலகை? தெரியாது. பின்னால் ஏதாவது இழுத்துக்கொண்டு போனாரா, டிரெய்லர் மாதிரி? வெளியூர்க்காரன் ஒவ்வொருவனிடமும் அவள் கேட்கிற கேள்விகள் அத்தனையும் இப்போது அவளை நோக்கி வந்தன, ஒன்றுக்கும் பதில் இல்லை. வெட்கத்தில் காது சுட்டது. ஜெனரேட்டரை வண்டியிலேயே ஏற்றியிருக்கலாம், டிரெய்லரிலும் ஏற்றியிருக்கலாம். எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு குழாயடியில் மறுபடி நின்றாள். தண்ணீர் விழுகிறது. கதவு. எஞ்சின். இரும்புக் கம்பி. வெறும் வண்டி போனால் முன்சக்கரம் ஒரு கடகட, பின்சக்கரம் ஒரு கடகட, இரண்டுதான். இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்தை முதுகாலேயே கேட்டவள். அன்றைக்கு மூன்று கேட்டது. மூன்றாவது கனமாகக் கேட்டது.

"டிரெய்லர் இருந்துச்சு," என்றாள். "பாரத்தோட."

நல்லது, விமானம் பிரதான சாலையைப் பிடித்து வடக்கே போகும் என்றான் ப்ரூயிட். வெளிச்சம் இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, நாளைக்கு மறுபடி மழை.

வேண்டாம் என்றாள் க்ளெனிஸ். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ராய்ஸ் பிரதான சாலையில் ஓடைக்கு இறங்கமாட்டான், ஏற முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஐம்பதாவது கிலோமீட்டரில் இடது பக்கம் பழைய தபால் தடம் பிரிகிறது, கல்மேடு, ஈரத்தில் உள்ளூர்க்காரர்கள் அதில்தான் போவார்கள். நடுவில் இரண்டு களிப்பள்ளம் உண்டு. அங்கே பாருங்கள். ப்ரூயிட் வரைபடத்தைப் புரட்டிவிட்டு அப்படி ஒரு தடமே இல்லை என்றான். வரைபடத்தில் இருக்காது, நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை என்றாள் அவள். எழுதப்படாத தடத்துக்கு விமானத்தை அனுப்ப அவனுக்கு யோசனையாக இருந்திருக்கும். அவன் மேலதிகாரியிடம் அவளே பேசினாள், குரலை உயர்த்தினாள், கடைசியில் கெஞ்சினாள். அவள் கெஞ்சி யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது களிப்பள்ளத்தில் வண்டி கிடந்தது. டிரெய்லரைக் கழற்றி விட்டிருந்தான். புதைந்த சக்கரத்தைத் தூக்க ஜாக்கி வைத்திருக்கிறான், அடியில் பலகை வைக்காமல். ஜாக்கி களியில் சாய்ந்து, வண்டி இடது கால்மேல் இறங்கிவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் கேன் இருந்ததால் உயிர் இருந்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. முழங்காலுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை அடிலெய்டு ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். அன்று வெளியே நல்ல மழை. அந்த மழையில் அவன் கிடந்திருந்தால் என்று க்ளெனிஸ் நினைக்க ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

சாலை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, கண்டித்து. வேலையைப் பிடுங்கவில்லை. தர்லாபுல்லாவில் உட்கார்ந்து பலகை மடிக்க வேறு யார் வரப்போகிறார்கள்? மரீ அடிலெய்டிலேயே தங்கிவிட்டாள். க்ளெனிஸ் போன் பண்ணினால் நர்சைப் பேசச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி மழை, மறுபடி சிவப்பு. மார்லி ஹில்லுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் கெல்வின் டக்கன் வந்தான். டீசல் போட்டான், தொப்பியைக் கழற்றினான், மழையைப் பற்றிப் பேசினான், சாலையைப் பார்த்தான். க்ளெனிஸ் நகரவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் பார்த்தான். கெட்டிலையும் ஒரு பார்வை பார்த்தான்.

அவள் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் போய், பேர் என்றாள்.

"ஏம்மா க்ளென், முப்பது வருஷமா என் பேர் உனக்குத் தெரியாதா?"

"போறதா இருந்தா எழுதுவேன். எழுதினதும் போலீசுக்குப் போன் பண்ணுவேன். பேர் சொல்லு."

கெல்வின் முகம் சிவந்துவிட்டது. நல்ல மனுஷன்தான், ஆனால் கோபத்தில் வாய் நீளும். "உன் தம்பின்னா முதுகக் காட்டுவ, நாங்கன்னா போலீஸா?" என்றான். அவள் சாக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. அவன் நாலு நாள் டவுனில் தங்கிப் போனான். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவள் கடையில் டீசல் போடுவதில்லை, டவுனிலேயே நிரப்பிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறார்கள். போகும்போது அவள் வெளியே வந்து நின்று, ஒவ்வொரு வண்டியையும் தலையிலிருந்து வால் வரை பார்க்கிறாள்.

ஆகஸ்ட் கடைசியில், சாலை காய்ந்ததும், கடையைப் பூட்டிவிட்டு அடிலெய்டுக்குப் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கடையைப் பூட்டியது இரண்டாவது முறை. வழி நெடுக, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். மரீ அவளைப் பார்த்ததும் காபி வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

ராய்ஸ் மெலிந்திருந்தான். ஆனாலும் அவளைக் கண்டதும் சிரித்தான். இனிமேல் ஒரு சாக்ஸ் தொலைந்தாலும் மரீ திட்டமாட்டாள் என்றான். பண்ணையில் எந்த வேலி விழுந்தது, நாய் சாப்பிடுகிறதா என்று கேட்டான். வெளியூர்க்காரனிடம் ஜாக்கிக்கு அடியில் பலகை, பலகை என்று அவள் அடித்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவன், பலகை வண்டியில் இருந்தும் எடுக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. கடைசியில், ரொம்ப வலித்ததா என்று மட்டும் கேட்டாள்.

"வலிதான். ஆனா முதல் நாள் எனக்குப் பயமே இல்ல, க்ளென்," என்றான் அவன். "க்ளெனுக்குத் தெரியும் நான் கிளம்பினது, சாயங்காலம் போன் வரலன்னா ஆள் அனுப்பிடுவா, அசையாமக் கிடந்தாப் போதும்னு கிடந்தேன். மறுநாளும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். கத்தக்கூட இல்ல."

க்ளெனிஸ் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"அப்புறம்?"

ராய்ஸ் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"மூணாவது நாள்தான் கெட்டில் ஞாபகம் வந்துச்சு," என்றான்.